காவல் தெய்வம் ஏன் கைகட்டி நிற்கிறது?

மாயப் புனைகதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்திலேயே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். கதை நடக்கும் உலகத்தில் சாமி உண்டு என்று முதல் அத்தியாயத்தில் சொல்லியாகிவிட்டது. கண்ணெதிரே நடமாடும், மழையை நிறுத்தும், பாறையை உருட்டிவிடும் சாமி. ஊரைக் காப்பதே அதன் வேலை என்றும் எழுதியாகிவிட்டது. மூன்றாவது அத்தியாயத்தில் எதிரி வந்து ஊருக்குத் தீ வைக்கிறான். சாமி வரவில்லை. ஏன் வரவில்லை என்று வாசகர் கேட்கிறார். எழுதியவர் விழிக்கிறார்.

தெய்வம் இருந்தும் தலையிடாமல் ஒதுங்கி நிற்பதைக் கதைக்குள்ளேயே நம்பும்படி செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கொடைக்கானல் மலையில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் பழக்கம். மலையில் பிறந்த பிள்ளைகள் கதை எழுதினால் எப்படியும் ஒரு மலைச்சாமி உள்ளே வந்துவிடும். வந்த சாமியை என்ன செய்வது என்று தெரியாமல் பாதியில் தூங்க வைத்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கேள்வியோடு எனக்கு நல்ல பரிச்சயம் உண்டு.

எழுதுகிறவரின் தேவை வேறு, உலகத்தின் காரணம் வேறு

சாமி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் நாயகனுக்கு வேலை இல்லை. கதையும் அங்கேயே முடிந்துவிடும். தெய்வத்தை ஒதுக்கி வைக்க எழுத்தாளர்கள் விரும்புவதற்கு இதைவிட ஆழமான காரணம் எதுவும் இல்லை. அதில் தவறும் இல்லை. ஆனால் அந்த உலகத்துக்குள் வீடு எரிந்து நிற்கிற ஒருவனிடம் போய், 'நான் வந்திருந்தால் உன் பேரன் வீரனாகியிருக்க மாட்டான்' என்று சாமி சொன்னால் அவன் என்ன செய்வான்? சாமியின் கையில் இருக்கும் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு துரத்துவான். அவனுக்கு வேண்டியது அவனுடைய உலகத்தில் செல்லுபடியாகும் ஒரு காரணம்.

அந்தக் காரணம் எதுவாக இருந்தாலும் வாசகர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதுதான் வியப்பு. பழைய சாபம், வரம், கோபம், துக்கம், ஒப்பந்தம் என எதைச் சொன்னாலும் சரி. அவர்கள் பார்ப்பது இரண்டே விஷயங்களை. ஆபத்து வருவதற்கு முன்பே அந்தக் காரணம் உலகத்தில் இருந்ததா? அது இருந்ததற்கு அடையாளமாக மக்களின் அன்றாட வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சாமி எத்தனை யுகம் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம்.

பழனியிலிருந்து தொடங்கலாம்

எங்கள் மலையின் அடிவாரத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. நாரதர் கொண்டுவந்த கனி, உலகத்தைச் சுற்றி வரும் போட்டி, பெற்றோரைச் சுற்றி வந்து கனியை வாங்கிக்கொண்ட பிள்ளையார், மயிலில் திரும்பி வந்து பார்த்து எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு குன்றேறி நின்ற முருகன். தமிழ்நாட்டில் இந்தக் கதை தெரியாத குழந்தை இல்லை. கும்பிடுகிறவராக இல்லாமல் கதை எழுதுகிறவராக இதை ஒருமுறை பாருங்கள்.

முருகன் விலகுவதற்குக் காரணம் குறிப்பானது: ஒரு கனி, ஒரு நாள், ஓர் அநியாயம் என்று அவன் நினைத்தது. 'மனிதர்கள் கெட்டுவிட்டார்கள்' போன்ற பொத்தாம்பொதுவான மனத்தாங்கல் அங்கே இல்லை. விலகிப் போவதற்கு ஓர் இடமும் இருக்கிறது. மறைந்துவிடவில்லை; இந்தக் குன்றில் போய் நின்றான். எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. கயிலாயத்துக்கு அது பிரிவு, பழனிக்கு அது வரவு. ஒரு வீட்டில் பிள்ளை போய்விட்டான் என்ற வருத்தம். மலையடிவாரத்தில் சாமி வந்துவிட்டது என்ற கொண்டாட்டம். உங்கள் கதையில் ஒரு காவல் தெய்வம் ஓர் ஊரைக் கைவிட்டால், அது எங்கே போனது, அங்கே யாருக்கு லாபம் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் கதைக்கு இரண்டாவது ஊர் ஒன்று கிடைத்துவிடும்.

கையைக் கட்டிய பழைய விதி

தெய்வம் தலையிடாததற்கு நம் இலக்கியம் அதிகமாகச் சொல்லும் காரணம், அதைவிட மூத்த ஒரு விதி. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரத்தைச் சிவனிடமே பெறுகிறான். பிறகு தேவர்களை மீன் சுமக்க வைக்கிறான். தேவர்கள் போய் முறையிடுகிறார்கள். வரம் கொடுத்தவர் 'கொடுத்தது செல்லாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சொல்லவில்லை. தன்னுடைய சக்தியைத் தவிர வேறெதுவும் அவனை வெல்லாது என்ற சொல்லுக்குள்ளேயே வழி தேடி, முருகன் பிறக்கிறான். அதாவது விதியை உடைக்காமல், விதியின் வாசகத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடிக்கப்படுகிறது. புராணக் கதை அமைப்பில் பாதி இந்தச் சந்து தேடும் வேலைதான். இரணியனுக்கும் அப்படியே, மகிடாசுரனுக்கும் அப்படியே.

இதே வகையில் இன்னும் நுட்பமான ஒன்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மதுரைக்குக் காவல் தெய்வம் உண்டு, மதுராபதி. கோவலன் கொலையுண்டபோது அது வரவில்லை. பாண்டியன் உயிர்விட்டபோது வரவில்லை. நகரம் எரியத் தொடங்கிய பிறகு, கட்டுரை காதையில், கண்ணகியிடம் வருகிறது. எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். அவள் முன்னால் வந்து நிற்க முடியாமல் பின்புறமாகத் தோன்றிப் பேசுகிறது. ஒரு மாநகரத்தைக் காக்கும் தெய்வம், ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது.

வந்து சொல்லும் செய்தி: முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்து அரசனிடம் ஊழியம் செய்தான், கபிலபுரத்திலிருந்து வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழிசுமத்திக் கொல்லவைத்தான், சங்கமனின் மனைவி நீலி 14 நாள் அலைந்து, தனக்கு நேர்ந்தது இதைச் செய்தவர்களுக்கும் நேரட்டும் என்று சொல்லி மலையிலிருந்து விழுந்து உயிரை விட்டாள். அந்தச் சாபத்துக்கு முன்னால் நகரத் தெய்வத்தின் அதிகாரம் செல்லாது.

விதி என்ற அளவில் இது அப்பழுக்கில்லாத காரணம். ஆறுதல் என்ற அளவில் கண்ணகிக்கு இதில் எதுவும் இல்லை. இளங்கோவுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. அதனால்தான் தெய்வத்தைப் பின்னால் நிறுத்துகிறார். தலையிடாத தெய்வத்துக்கு வெட்கம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. 'எல்லாம் விதிப்படி' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் தெய்வத்தை எந்த வாசகரும் மன்னிக்க மாட்டார்.

வந்தால் இன்னும் மோசம்

மேலைநாட்டு மாயப் புனைவில் இன்னொரு காரணம் செல்வாக்கோடு இருக்கிறது: தெய்வங்கள் ஒருமுறை வந்து பார்த்தார்கள், வந்ததால் நேர்ந்த சேதம் தாங்க முடியவில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த உலகத்தில் வாலார் என்னும் காவல் சக்திகள் இருக்கின்றன. 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில், முதல் யுகத்தின் முடிவில் அவற்றின் படை வந்து பெரும் பகைவனான மோர்காத்தை வீழ்த்துகிறது. வெற்றிதான். ஆனால் அந்தப் போரின் உக்கிரத்தில் பெலேரியாண்ட் என்ற நிலப்பரப்பின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விடுகிறது. யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவர்களுடைய காடும் ஆறும் மலையும் இல்லாமல் போயின.

அதற்கு அப்புறம் படை வருவதில்லை. மூன்றாம் யுகத்தில் அடுத்த ஆபத்து தலைதூக்கும்போது கிழவர் உருவத்தில் மந்திரவாதிகளை அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு நிபந்தனை: பகைவனின் வல்லமையைத் தங்கள் வல்லமையால் எதிர்க்கக் கூடாது. ஆலோசனை சொல்லலாம், துணிவூட்டலாம், மக்களை ஒன்றுசேர்க்கலாம். தெய்வத்தின் தலையீடு சிறுத்து ஒரு கிழவரின் தடியும் பேச்சும் ஆகிவிடுகிறது. நமக்கு இது புதிதில்லை. ஔவையிடம் முருகன் வேலோடு வராமல் நாவல் மரத்தின் மேல் ஆட்டுக்காரப் பையனாகத்தானே உட்கார்ந்திருந்தான்?

ஒதுங்கி நிற்பதற்கான காரணங்களில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். இதில் தெய்வத்துக்குப் பலம் குறையவில்லை, பாசமும் குறையவில்லை. ஒருமுறை வந்ததன் வடு நிலத்தின் மேலேயே இருக்கிறது. கதாபாத்திரம் நடந்துபோகும் வழியில் அந்த வடுவைப் பார்க்க முடியும். சேதம் யாருக்கு நேர்ந்தது என்று எழுத்தாளர் முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

கேள்வி கேட்கும் ஊர்

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பெருந்தெய்வங்கள் தொலைவில் இருந்தால் நம் வாசகர் பொறுத்துக்கொள்வார். கருப்பசாமியும் முனியப்பனும் எல்லைச்சாமியும் பேசாமல் இருந்தால் பொறுக்க மாட்டார். ஏனென்றால் அவர்களோடு ஊருக்கு இருப்பது கணக்கு வழக்கு. ஆண்டுதோறும் கிடா உண்டு, பொங்கல் உண்டு, சுருட்டும் சாராயமும் உண்டு. பதிலுக்கு ராத்திரி ஊரைச் சுற்றி வர வேண்டும். அப்படிப்பட்ட சாமி வேலைக்கு வரவில்லை என்றால் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்காது. 'உனக்குக் கண் அவிந்துபோய்விட்டதா?' என்று நேருக்கு நேர் கேட்கும்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. சாமியாடி இருக்கிறார். உடுக்கை அடிக்கும் கோடாங்கி இருக்கிறார். யாரும் இல்லாவிட்டால் பூக்கட்டிப் பார்க்கலாம்: சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்ததோ அது உத்தரவு. அயல்மொழிக் கதைகளில் தெய்வங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மௌனமாக இருக்க முடிகிறது. நம் ஊரில் தெய்வத்தின் மௌனம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடத் தாங்காது.

ஆகவே தமிழ்நாட்டுக் கிராமம் போன்ற ஓர் உலகத்தை எழுதுகிறீர்கள் என்றால், சாமி வராததற்குக் காரணம் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஊர் கேட்கும்போது சாமி என்ன சொன்னது என்பதையும் எழுதியாக வேண்டும். சாமியாடிமேல் அருள் இறங்கவில்லையா? இறங்கியும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லையா? உத்தரவு கொடுத்தும் ஊர்ப் பெரியவர்கள் அதை மறைத்துவிட்டார்களா? பெரும்பாலான வரைவுகள் இந்த இடத்தில் ஓட்டையாக இருக்கின்றன. அந்த ஓட்டையை அடைக்கப் போனால் பல சமயம் அங்கேதான் நல்ல கதை கிடைக்கிறது.

கணக்கில் ஊர் தவறிவிட்டது என்பதும் ஒரு வழி. மணிமேகலையில் புகார் நகரம் கடலில் மூழ்குவதற்குச் சொல்லப்படும் காரணம் அதுதான். சோழ மன்னன் காணாமல் போன மகனைத் தேடி அலைந்ததில் இந்திர விழாவை மறந்துவிடுகிறான். விழா நின்றால் கடல் கொள்ளும் என்பது பழைய ஏற்பாடு, கொண்டது. மகனைத் தொலைத்த தகப்பனின் மறதிக்கு ஒரு நகரம் பலி. அந்தக் கண்டிப்பு என்னைக் கொஞ்சம் நடுங்க வைக்கிறது என்றாலும், கதையின் கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது.

துக்கம்

நீலகிரியில் தோடர்கள் சொல்லும் ஒரு தொன்மத்தை இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அவர்களிடையே தங்கிக் கேட்டு எழுதி 1906இல் வெளியிட்ட நூலில் அது பதிவாகியிருக்கிறது. ஓன் என்ற தெய்வம் மலைமேல் நின்று பூமிக்குள்ளிருந்து எருமைகளை வெளியே வரவழைக்கிறது. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வருகிறான். அவனே முதல் தோடன். இப்படி ஒரு மக்களையே படைத்த தெய்வம் பிறகு அவர்களோடு தங்கவில்லை. ஓனின் மகன் இறந்துபோகிறான். மகனைப் பிரிந்திருக்க மாட்டாமல் ஓனும் இறந்தவர்களின் உலகத்துக்குப் போய்விடுகிறது. மண்ணுலகத்து மக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதன் சகோதரி தெய்கிர்சிக்கு வருகிறது.

இதில் மனிதர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவர்களுக்குச் சோதனை வைக்கும் எண்ணமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் வேலையை உடன்பிறந்தவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யார் இதற்குக் கோபப்படுவார்கள்? ஓன் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை, இறந்தவர்களின் உலகத்தை ஆள்கிறது என்பதையும் பாருங்கள். பழனியில் பார்த்த அதே விஷயம்: இங்கே விட்டுப்போன தெய்வம் வேறோர் இடத்தில் இருந்தாக வேண்டும்.

விரைவாகத் தள்ளிவிட வேண்டியவை

'மக்கள் கும்பிடுவதை நிறுத்தியதால் சாமியின் சக்தி வற்றிவிட்டது' என்பது இப்போது விளையாட்டுகளிலும் தொடர்களிலும் தேய்ந்துபோன காரணம். முன்பு நன்றாக இருந்தது. இன்னும் எழுத விரும்பினால், கும்பிடாமல் போனவர்களுக்கு ஒரு நியாயத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் கதை பக்திப் பிரசங்கம் ஆகிவிடும்.

'மனிதர்கள் தாமாக வளர வேண்டும் என்பதற்காகத் தெய்வம் ஒதுங்கியது' என்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது பாடம் நடத்தும் தெய்வம் அது. அந்தத் தெய்வத்தையே கதையின் எதிரியாக வைத்தால் வேண்டுமானால் படிப்பேன்.

'சாமி தூங்குகிறது, குறிஞ்சி பூக்கும்போதுதான் விழிக்கும்' என்பது எங்கள் மலைப்பிள்ளைகளின் தனிச்சொத்து. 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006, 2018, அடுத்தது 2030 என்று கணக்கு கச்சிதமாக இருப்பதால் மயங்கிவிடுகிறார்கள். கொடைக்கானலில் 1936இல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோவிலே இருப்பதால் பூவும் சாமியும் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. சாமி எப்போது வரும் என்பதை இது சொல்கிறது. மற்ற 11 ஆண்டுகள் ஏன் வராது என்பதைச் சொல்லவே இல்லை. கால அட்டவணை ஒரு காரணம் ஆகாது.

ஒரு கதையைப் பிரித்துப் பார்ப்போம்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த வரைவில் இந்தக் குறிஞ்சித் தூக்கம்தான் இருந்தது. அவள் அனுமதியோடு அதை இங்கே பிரித்துக் காட்டுகிறேன். மேல்மலையில் ஒரு கிராமம். படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. ஊருக்கு மேலே ஒரு கல்திட்டை. பெரிய பலகைக்கல்லைக் கூரையாக வைத்து ஆதியில் யாரோ கட்டியது. பழனி மலைகளில் அப்படிப்பட்ட கல்திட்டைகள் நிஜமாகவே நிறைய உண்டு, தாண்டிக்குடிப் பக்கம் போனால் பார்க்கலாம். கதையில் அதற்குள் சாமி குடியிருக்கிறது. பங்குனி மாதம், காய்ந்த புல்வெளியில் தீப்பிடித்து ஊரை நோக்கி வருகிறது. நாயகியின் பாட்டி ஓடிப்போய்க் கல்திட்டையில் மணி அடிக்கிறாள். சாமி எழுந்திருக்கவில்லை.

"போன தடவை சாமி வந்தபோது என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"தீயை அணைத்தது, டீச்சர்."

"எதைக்கொண்டு?"

"தண்ணீரால்தான்."

"அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஓடையிலிருந்து வந்திருக்கும். கீழ்மலைக்குப் போகிற ஓடை."

அந்தப் பதிலோடு கதை மாறிவிட்டது. சாமி ஓடையை மேல்நோக்கித் திருப்பி மேல்மலையைக் காப்பாற்றியது. திருப்பிய ஓடை பழைய வழிக்குத் திரும்பவில்லை. கீழ்மலையில் காபித் தோட்டமும் மலைவாழையும் காய்ந்தன, கிணறுகள் வற்றின, ஆட்கள் செத்தார்கள். சாமிக்குத் தீயை அணைக்கத் தெரியும். தண்ணீரைப் புதிதாக உண்டாக்கத் தெரியாது. ஒரு பக்கத்திலிருந்து எடுத்துத்தான் இன்னொரு பக்கம் கொடுக்க முடியும். அது கீழ்மலைக்காரர்கள் முன்னால் வந்து நின்று, இனி நீங்கள் சம்மதித்தால் ஒழிய இறங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது.

சரி, இந்த வாக்கு நடந்து நூறு ஆண்டு ஆகியிருந்தால் இப்போது அதன் அடையாளம் எங்கே? இதை அவள் தானே கண்டுபிடித்தாள். கல்திட்டை மணிக்கு நாக்கு கிடையாது. வாக்குக் கொடுத்த அன்றைக்கே அதைக் கழற்றிக் கீழ்மலைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு வீட்டில், பரணில், துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். மேல்மலைக் குழந்தைகள் மணி என்றாலே ஆட்டினால் சத்தம் வராத ஒரு சாமான் என்று நினைத்து வளர்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் பூண்டு தோண்டியதும் முதல் மூட்டை கீழ்மலைக்குப் போகிறது. யாரும் விலை பேசுவதில்லை. சின்னவர்கள் அதை ஏதோ சம்பந்தி வீட்டுச் சீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தண்டம் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

முதல் அத்தியாயத்தில் நாக்கில்லாத மணியும் பூண்டு மூட்டையும் ஊரின் விநோதப் பழக்கங்களாக வந்துபோகும். எதற்கும் விளக்கம் கிடையாது. தீ வரும்போதுதான் பாட்டி சொல்வாள். பாட்டி மணி அடிக்கும் பழைய காட்சி இப்போது வேலை செய்யாது; அதற்குப் பதிலாக நாயகி கீழ்மலைக்கு ஓட வேண்டும், அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், 'எங்கள் ஊர் பிழைக்க உங்கள் ஓடையைக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். சாமி வரலாமா என்று முடிவு செய்யும் இடம் கல்திட்டையிலிருந்து ஒரு சமையலறைக்கு வந்துவிட்டது. அங்கே அடுப்புக்கு முன்னால் நிற்கும் அம்மாளின் கொள்ளுத்தாத்தா தாகத்தில் செத்தவர்.

சாமியைச் செயலற்றதாக வைப்பதைவிட, கூப்பிட்டால் வரும், ஆனால் கூப்பிடும் உரிமை வேறொருவர் கையில் இருக்கிறது என்று வைப்பது எவ்வளவு வசதி பாருங்கள். நாயகிக்கு வேலை கிடைத்தது. எதிர்த்தரப்புக்கு நியாயம் கிடைத்தது. சாமியை யாரும் கையாலாகாதது என்று திட்டவும் முடியாது.

முன்பு சொன்ன ஓட்டையையும் அடைத்தோம். ஊர் பூக்கட்டிப் பார்த்தால்? பார்க்கிறார்கள், கதையிலேயே. குழந்தை எடுக்கும் பொட்டலத்தில் எப்போதும் வெள்ளைதான் வருகிறது. வெள்ளை என்றால் சம்மதம். சாமிக்கு வரச் சம்மதம்தான். மணிக்குத்தான் நாக்கு இல்லை.

கடைசியில் விதியை மீறலாமா?

தொண்ணூறு பக்கம் ஒதுங்கியிருந்த தெய்வம் கடைசிப் பக்கத்தில் மனம் இளகி வந்து காப்பாற்றிவிட்டால், அந்தத் தொண்ணூறு பக்கத்தில் செத்தவர்களுக்கு என்ன பதில்? இது எல்லா ஆரம்ப எழுத்தாளர்களும் விழும் குழி. ஆனால் மீறலை அறவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். பாரதத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த கண்ணன், பீஷ்மரின் அம்புகள் பாண்டவர் படையை அழிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தேரிலிருந்து குதித்து அவரை நோக்கிப் பாய்கிறான். அருச்சுனன் பின்னாலேயே ஓடிக் காலைப் பிடித்துக்கொண்டு, உன் வாக்கு பொய்யாக வேண்டாம், நானே போரிடுகிறேன் என்று கெஞ்சி நிறுத்துகிறான்.

அந்தக் காட்சி ஏன் இன்றும் கூத்துமேடையில் எடுபடுகிறது? மீறல் தொடங்குகிறது, முடிவதில்லை. மீறினால் தெய்வத்துக்கு என்ன போய்விடும் என்று நமக்குத் தெரியும். தடுப்பவன், அந்த மீறலால் பலனடைய வேண்டியவன். அதுவரை தயங்கித் தயங்கிப் போரிட்டவன் தெய்வத்தின் பெயரைக் காப்பாற்ற முனைந்து போரிட ஆரம்பிக்கிறான். தெய்வத்தின் தலையீடு ஓர் அம்புகூட எய்யாமல் வேலையை முடித்துவிடுகிறது.

காரணத்தை யார் வாயால் சொல்வது?

கடைசியாக நடைமுறை விஷயம் ஒன்று. உண்மையான காரணத்தைத் தெய்வத்தின் வாயாலேயே சொல்ல வைக்காதீர்கள். மதுராபதிக்கு அது பொருந்தியது, இளங்கோ எழுதியதால். நாம் எழுதினால் நீண்ட சொற்பொழிவாகிவிடும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லட்டும். பூசாரி, தீட்டுப் பட்டதால் சாமி கோபத்தில் இருக்கிறது என்பார். அப்படிச் சொன்னால்தான் பரிகாரத்துக்குப் பணம் வரும். பள்ளிக்கூடத்து வாத்தியார், சாமியே கிடையாது என்பார். குழந்தைகள், தூங்குகிறது என்பார்கள். அந்தக் குறிஞ்சிக் கதைக்கு அங்கே ஓர் இடம் கொடுத்துவிடலாம், வீணாக்க வேண்டாம். உண்மை தெரிந்தவர் அதைச் சொல்ல விருப்பமில்லாதவராக இருந்தால் நல்லது.

மாணவியின் கதையில் அது கீழ்மலை அம்மாளின் வேலை. அவர் மூன்றே வரி பேசுகிறார். "உன் பாட்டிக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு வந்தாயா, கேட்காமல் வந்தாயா? கேட்காமல் வந்திருந்தால் திரும்பிப் போ." அதற்குப் பிறகு பரண்மேல் ஏறுகிறாரா இல்லையா என்பதில் எனக்கும் மாணவிக்கும் இன்னும் உடன்பாடு இல்லை. நாக்கைக் கொடுக்கக் கூடாது, மேல்மலைக்காரர்களைத் தன் வீட்டில் தங்க வைத்துக்கொள்ளட்டும், ஊர் எரிந்தால் எரியட்டும் என்பது என் வாதம். அவள், மணி அடித்தே தீரும் என்கிறாள். அடித்த பிறகு கீழ்மலைக்கு என்ன ஆகிறது என்பதை இரண்டாம் பாகத்தில் எழுதப் போகிறாளாம். கதை அவளுடையது.